வெள்ளையாகவே நின்ற வீழ்படிவு: சுற்றுச்சூழல் உயிரியல் படித்தவர்களின் அனுபவங்கள்

கரையோரம்:
ஓடை நீரின் தரம் பார்க்கும் களப்பணி. நீரில் கரைந்த ஆக்சிஜனை வேதிக்கரைசல்கள் சேர்த்து அளக்கும் விங்க்ளர் முறை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், விரிவாக விளக்கவில்லை. கழிவுநீர்க் குழாய் கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நீர் தேங்கி நகரும் பகுதியில் மாதிரி எடுத்தோம். மாங்கனீஸ் சல்பேட், பிறகு கார அயோடைடு. மூடியை இறுக்கிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வரவில்லை. பால் திரிந்தது போல் வெள்ளையாகத் திரண்டு மெல்ல அடியில் இறங்கியது. கரைந்த ஆக்சிஜன் இல்லையென்றால் வீழ்படிவு வெள்ளையாகவே நிற்கும் என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தது! தோழி அடிச்சேற்றைச் சல்லடையில் அலசினாள். சிவப்பான கைரோனோமிட் புழுக்கள் (கொசு போன்ற ஒரு பூச்சியின் இளம்புழுக்கள்) மட்டும் நெளிந்தன. உடலில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் இருப்பதால் அவை அங்கேயும் பிழைத்துக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரிந்தவரை வேறு உயிர் எதுவும் இல்லை. அந்த வெள்ளை இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருக்கிறதா?

மூவால்:
எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. சுத்தமான மலையோடை, வெள்ளைத் தட்டில் மேஃப்ளை என்ற பூச்சியின் நீரில் வாழும் இளம்பூச்சி ஒன்று. மூன்று வால், வயிற்றின் இருபுறமும் இலை இலையாகச் செவுள்கள். வகைப்பாட்டுக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தட்டு வெயிலில் இருந்ததால் நீர் சூடேறிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் செவுள்கள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், பூச்சிக்கோ அப்போதுதான் தேவை கூடுதல். அந்த இரண்டையும் ஒருசேரக் கண்ணால் பார்த்தேன். பெயரைக் குறிக்காமலே அதை ஓடையில் விட்டுவிட்டேன். அட்டவணையில் அந்தக் கட்டம் காலிதான்.

அளவுகோல்:
கரையோரம், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு பாட்டிலை வைத்து ஓடை செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. சல்பைடோ ஃபெரஸ் இரும்போ இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். நைட்ரைட் இருந்தால் கூட்டிக் காட்டும், அதைத் தடுக்கத்தான் அசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறோம். அயோடைடு கரைசல் கெட்டுப்போயிருக்கவும் கூடும். காற்றோடு நன்றாகக் குலுக்கிய சுத்த நீரில் அதே கரைசல்களை விட்டுப் பாருங்கள், பழுப்பு வந்தாக வேண்டும். இனிச் செல்பவர்களுக்கும் சொல்கிறேன்: பாட்டிலை நீருக்கடியில் சாய்த்து நிரப்புங்கள், ஒரு குமிழிகூட உள்ளே நிற்கக் கூடாது. கரைசலை விடும் பிப்பெட் குழாயின் முனை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். கரையிலேயே இரு கரைசல்களையும் விட்டு ஆக்சிஜனை நிலைநிறுத்திவிடுங்கள், ஆய்வகம் வரை தள்ளிப்போடாதீர்கள். எடுத்த நேரத்தையும் நீரின் வெப்பநிலையையும் அங்கேயே குறியுங்கள். பாசி மிகுந்த நீரில் பிற்பகலில் ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும், விடியலுக்குச் சற்றுமுன் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். நேரம் எழுதாத அளவீட்டை நான் நம்புவதில்லை. மூவால், பெயர் குறிக்காத மாதிரியும் அப்படித்தான்.

கரையோரம்:
செத்துவிட்டது என்று நான் எழுதவே இல்லை. குழாய்க்கு மேற்புறம் எடுத்த மாதிரியில், அன்றே, அதே கரைசல்களில் நல்ல பழுப்பு வந்தது.

பாதிஏரி:
என்னை இந்தப் படிப்புக்குள் இழுத்தது களம் அல்ல, வகுப்பறையில் காட்டிய ஒரு படம். கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள 226ஆம் எண் ஏரி. 1973இல் நடுவே திரையிட்டு அதை இரண்டாகப் பிரித்தார்கள். இருபுறமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள், ஒருபுறம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். வானிலிருந்து எடுத்த படத்தில் அந்தப் பாதி மட்டும் பச்சைப் பசேலென்று பாசி பூத்துக் கிடக்கிறது. விளக்குப் போட்ட பிறகும் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பாட்டில் எத்தனை என்பதைவிட எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம், அளவுகோல். மேற்புறம் ஒன்று, கீழ்ப்புறம் ஒன்று என்று கரையோரம் எடுத்திருக்கிறாரே.

அளவுகோல்:
மேற்புறம் பழுப்பு வந்தது என்றால் கரைசல் மீதான ஐயத்தை விட்டுவிடுகிறேன். சல்பைடு பற்றிய ஐயம் அப்படியே இருக்கிறது. சல்பைடு இருந்தால் வரும் அழுகிய முட்டை நாற்றம் அடித்ததா?

கரையோரம்:
அடித்தது. சேற்றைக் கிளறியபோதுதான். பாட்டிலை அதற்கு முன்பே நிரப்பி மூடிவிட்டோம்.