கடைசியில் வந்தவருக்கும் அதே கூலி என்பது நியாயமா?

கேள்வி:
அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். தேவன் நல்லோர்மேலும் தீயோர்மேலும் சூரியனை உதிக்கச் செய்கிறார் என்று மத்தேயு 5:45-இல் வாசிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் அதே நூலின் 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், விடியற்காலை முதல் திராட்சத்தோட்டத்தில் உழைத்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில், அதாவது பன்னிரண்டு மணி நேரப் பகலில் ஒரு மணி நேரமே மீதியிருந்தபோது, வந்தவனுக்கும் ஒரே கூலி என்னும் இடத்தில் மனம் முரண்டுகிறது. வாழ்நாளெல்லாம் உண்மையாய் ஊழியம் செய்தவர்களுக்கு இது அநீதி ஆகாதா?

மறுமொழி:
சகோதரரே, காலை முதல் உழைத்து முறுமுறுத்தவர்களின் கூலியில் ஒரு காசும் குறையவில்லை. நாளொன்றுக்கு ஒரு பணம் என்று காலையில் பேசியது அப்படியே அவர்கள் கைக்கு வந்தது. அந்தப் பணம், அதாவது ரோமரின் வெள்ளித் தெனாரியம், ஒரு கூலியாளின் ஒரு நாள் பிழைப்பு. அதைப் பன்னிரண்டாகக் கூறுபோட்டு ஒரு பங்கை மட்டும் கொடுத்து அனுப்பினால், கடைசியில் வந்தவன் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாது. கடைசியில் வந்தவர்கள் சோம்பேறிகளும் அல்லர். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டத்து எஜமான் கேட்டபோது, ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை என்றார்கள். வேலை கிடைக்குமோ கிடைக்காதோ என்று பகல் முழுவதும் ஏங்கி நிற்பதும் ஒரு பாரம்தான், அதையும் எஜமான் கண்டார் என்றே நான் வாசிக்கிறேன். பிந்தி வந்தவர்களிலிருந்து கூலி கொடுக்கத் தொடங்கு என்று அவர் சொன்னதையும் கவனியுங்கள். வரிசை மாறியிருந்தால், முந்தினவர்கள் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார்கள். பிறருக்குக் காட்டிய தயவை அவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்போலும்.

மற்றொரு மறுமொழி:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வெயிலும் மழையும் எல்லாருக்கும் கிடைப்பதைப் பொதுவான கிருபை என்றும், மீட்பை இரட்சிக்கும் கிருபை என்றும் சீர்திருத்தச் சபை மரபு பிரித்துச் சொல்லும். அந்தப் பிரிவு தேவையானதே. ஆயினும் லீஸ்திரா பட்டணத்தில் தம்மைத் தெய்வம் என்று எண்ணிப் பலியிட வந்த மக்களிடம், மழையையும் விளைச்சலையும் தந்து உங்கள் இருதயங்களை நிரப்பியவர் அவரே என்று அப்போஸ்தலனாகிய பவுல் சொல்வது, முதலாவது இரண்டாவதற்கு வழிகாட்டுகிறது என்பதைத்தான் காட்டுகிறது.

கேட்டவர்:
நன்றி ஐயா. கூலி குறையவில்லை என்பது புரிகிறது. நமக்குத் தீங்கு செய்தவர்களும் அதே தயவைப் பெறுவதை எவ்வாறு தாங்குவது?

மறுமொழி:
நினிவேக்குத் தேவன் அனுப்பிய தீர்க்கதரிசியாகிய யோனாவின் போராட்டமும் அதுதான். நினிவே அசீரியரின் நகரம். இஸ்ரவேலை நடுங்கவைத்த வல்லரசு அது. அந்த நகரம் மனந்திரும்பித் தப்பியபோது, செத்துப்போனால் நலம் என்னுமளவுக்கு யோனா கோபம் கொண்டான். அவனைத் தேவன் தள்ளிவிடவில்லை. தலைக்கு நிழல் தரச் செடி முளைக்கச் செய்து, நீ எரிச்சலாயிருப்பது நல்லதோ என்று கேட்டு, 1,20,000-க்கும் அதிகமான மனிதரையும் திரளான மிருகஜீவன்களையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். லூக்கா 15-இல், கெட்டுப்போய்த் திரும்பி வந்த தம்பியைத் தகப்பன் ஏற்றுக்கொண்டதால் கோபித்து வீட்டுக்குள் வர மறுத்த மூத்த மகனையும் தகப்பனே வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். உங்கள் மனவருத்தத்தை மறைக்காமல் ஜெபத்தில் சொல்லுங்கள். யோனாவும் அப்படித்தான் சொன்னான்.