பறக்கும் கார்: ஒரு சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பறக்கும் காரைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்ற கேள்விக்கு 'பறக்கும் மகிழுந்து', 'வான்மகிழுந்து', 'தனிவானூர்தி' என்று இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் படித்தபின் எனக்குத் தோன்றியது, நாம் இரண்டு பொருள்களுக்கு ஒரே சட்டை தைக்கிறோம் என்பதுதான்.

ஒன்று, சாலையில் ஓடிப்போய், சிறகை விரித்து, ஓடுபாதையிலிருந்து கிளம்பும் வண்டி. அமெரிக்காவில் மோல்டன் டெய்லர் 1949-ல் பறக்கவிட்ட ஏரோகார் இந்த வகை. 1956-ல் அரசுச் சான்றும் பெற்றது, ஆனாலும் மொத்தம் 6 வண்டிகளோடு நின்றுபோனது. ஸ்லோவாக்கியாவில் ஸ்டெஃபான் கிளைன் உருவாக்கிய ஏர்கார், 2021 ஜூனில் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து, இறங்கியதும் சிறகை மடக்கிக்கொண்டு சாலை வழியே ஊருக்குள் போனது.

மற்றொன்று சாலைப் பக்கமே போகாது. மின்கலத்தில் சுற்றும் பல சிறு சுழலிகளால் (ரோட்டர்) நின்ற இடத்திலிருந்து நேரே மேலே எழும். சீனாவின் ஈஹாங் நிறுவனம் செய்த இஎச்216-எஸ் அப்படிப்பட்டது. 2 இருக்கை, 16 சுழலி, விமானி கிடையாது. 2023 அக்டோபரில் சீன அரசு அதன் வடிவமைப்பை ஏற்று வகைச் சான்று கொடுத்தது. 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சொல்வது, ஓட்டுபவர் இல்லாமலே வானுலகம் சேர்க்கும் ஊர்தியை. ஆனாலும் அந்தத் தொடர் இதற்கு அப்படியே பொருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இந்த இரண்டு வகையையும் மகிழுந்து என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கார் என்றதும் ஒரு நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது: பழுதானால் ஓரங்கட்டி நிறுத்திக்கொள்ளலாம். வானத்தில் ஓரம் ஏது? 1973-ல் கலிபோர்னியாவில் ஃபோர்டு பின்டோ காரோடு செஸ்னா விமானத்தின் சிறகையும் பின்பகுதியையும் பூட்டி மைசார் என்ற வண்டியைச் செய்தார்கள். பறக்கும்போது வலச் சிறகின் தாங்கு கம்பி கழன்றது. வண்டியை உருவாக்கிய ஹென்றி ஸ்மொலின்ஸ்கியும் ஹரோல்ட் பிளேக்கும் அதிலேயே இறந்தார்கள்.

'தனிவானூர்தி' என்பதும் சரிவராது. அமெரிக்காவில் உரிமமே இல்லாமல் ஓட்டக்கூடிய மீயிலகு (அல்ட்ராலைட்) வானூர்திக்கு ஒரே இருக்கை, வெற்று எடை சுமார் 115 கிலோவுக்குள், மக்கள் நெருங்கி வாழும் இடத்தின் மேல் பறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அலுவலகம் போக அது உதவாது. 'தனிவானூர்தி' என்ற சொல்லோ, ஆளுக்கொரு ஊர்தியில் அலுவலகம் போவது போன்ற படத்தைத்தான் காட்டுகிறது.

வகையைப் பிரித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம், இவை கீழே வரும் விதம். சிறகுள்ள வண்டி, எஞ்சின் நின்றாலும் சறுக்கிக்கொண்டே போய் ஒரு வயலைத் தேடலாம். ஹெலிகாப்டருக்கும் வழி உண்டு. எஞ்சின் அணைந்ததும் விமானி சுழலித் தகடுகளின் சாய்வைக் குறைப்பார். கீழிருந்து வரும் காற்றே சுழலியைச் சுற்றிக்கொண்டிருக்கும். தரை நெருங்கியதும் சாய்வைக் கூட்டி, சுழலியில் சேர்ந்திருக்கும் வேகத்தைச் செலவழித்து மெல்ல இறங்குவார். பல சிறு சுழலிகள் கொண்ட ஊர்தியில் இது பொதுவாக நடக்காது. தகடுகளின் சாய்வு மாறாது, சுழலிகளும் மிக இலேசு. ஒரு மோட்டார் போனால் மற்றவை தாங்கிக்கொள்ளும், அது பெரிய பலம்தான். மின்சாரமே நின்றுவிட்டால் மிஞ்சுவது வான்குடை (பாராசூட்). அது விரிய உயரம் வேண்டும். எழும்போதும் இறங்கும்போதும், தரையிலிருந்து சில மீட்டரில், அந்த உயரம் இருக்காது.

அப்புறம் மின்கலத்தின் எடை. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது, ஒரு கிலோ லித்தியம் மின்கலத்தில் 250 அளவில். எஞ்சின் வெப்பமாக வீணாக்குவதைக் கழித்தாலும் இந்த இடைவெளி அடையாது. சுழலிகளை மட்டும் நம்பும் இவ்வகை ஊர்திகளின் பறப்பை நிமிடத்தில் சொல்வது அதனால்தான்.

என் பரிந்துரை: முதல் வகைக்குச் சாலைவானூர்தி, இரண்டாம் வகைக்கு எழுவானூர்தி. ஹெலிகாப்டரின் எஞ்சினில்லா இறக்கத்துக்குத் தணக்கிறக்கம். தணக்கு மரத்தின் காய்க்கு இரண்டு நீண்ட இறகுகள் உண்டு. கிளையிலிருந்து விழும்போது சுற்றிச் சுற்றி மெதுவாக வரும். அதே காற்று, அதே வேலை.

—

வணக்கம் ஐயா,

பிரிப்பது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் எழுவானூர்தியை நான் முதலில் 'எழுவான் ஊர்தி' என்றுதான் வாசித்தேன். எங்கள் மட்டக்களப்பில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான் என்றால் எங்களுக்குக் கிழக்கு. இங்கே பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தால் கிழக்கே போகும் வாகனம் என்பார்கள். ஹெலிகாப்டருக்கு உலங்கு வானூர்தி என்பது எங்களிடம் நன்றாக நிலைத்த சொல். அதைப் போல இரண்டு சொல்லாகப் பிரித்தாவது எழுதலாமா?

தணக்கிறக்கம் அழகு. ஆனால் மரத்தை அறியாதவர்களுக்கு விளங்காதே? சுழலிறக்கம் என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

—

அம்மா, மிக்க நன்றி. எழுவான்கரை எனக்கு நினைவுக்கே வரவில்லை. இரண்டாகப் பிரித்து எழுதினாலும் பேசும்போது ஒட்டிக்கொள்ளும். எனவே 'வான்' வேண்டாம், எழுவூர்தி என்று வைப்போம். எழூர்தி என்று இன்னும் சுருக்கலாமே என இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். எழு என்பதன் ஈறு முற்றியலுகரம், அதாவது முழுதாக ஒலிக்கும் உகரம். அடுத்து உயிரெழுத்து வந்தால் இரண்டையும் இணைக்க இடையில் 'வ்' (வகர உடம்படுமெய்) பெறுவதே இயல்பு. முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும், அதாவது மறையும் என்று நன்னூல் என்ற இலக்கண நூல் இடம் கொடுக்கிறது, தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுவூர்தியில்தான் 'எழு' முழுதாகக் காதில் விழுகிறது. மின்கலத்தில் ஓடுவதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் மின்னெழுவூர்தி.

சுழலிறக்கத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. விமானம் பிடியிழந்து சுழன்றுகொண்டே விழுவதையும் படிப்பவர் அதே சொல்லால்தான் புரிந்துகொள்வார். ஒன்று உயிரைக் காப்பது, மற்றது உயிரைப் பறிப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கவே கூடாது. மரத்தைத் தெரியாதவருக்கு மரத்தையும் சேர்த்தே காட்டுவோம். தணக்குக் காய் கிடைப்பவர்கள் மாடியிலிருந்து ஒன்றைப் போட்டுக் காணொளி எடுத்து அனுப்புங்கள், சொல்லின் பதிவோடு அதையும் இணைத்துவிடலாம்.