கால் மரத்துப்போன அம்மாவுக்குச் சமநிலைப் பயிற்சி: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. செருப்பு கழன்றுவிட்டதுகூடத் தெரியாமல் நடக்கிறார். முகம் கழுவக் கண்ணை மூடினாலே தள்ளாடுகிறார்; பாதம் உணராததைக் கண்தான் ஈடுகட்டுகிறதாம்.

நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது இரண்டும் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி செய்கிறார். தொடை நன்றாக வலுத்திருக்கிறது. ஆனால் ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்கச் சொன்னால் பயந்து நாற்காலியை இறுக்கிக்கொள்கிறார்.

இந்தப் பிடியை எப்படிப் படிப்படியாகக் குறைத்தீர்கள்? முதலில் விரல் நுனிக்கு மாறலாமா? தாய் சீ (மெதுவான அசைவுகள் கொண்ட சீன உடற்பயிற்சி) யாருக்காவது பலன் தந்ததா? பயிற்சிக்கு வெறுங்கால் வேண்டாம், ஷூ போடுங்கள் என்கிறார்கள். எந்த மாதிரி அடிப்பாகம் நல்லது? அப்புறம், பாதத்தில் புண் எதுவும் இல்லை, தினமும் பார்த்துவிடுகிறேன்.