வீட்டுக்கு ஒரே ஒரு கைத்துப்பாக்கி: எந்தக் கேலிபர் வாங்கலாம்?

புதுவரவு:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. போன வாரம் எங்கள் காம்ப்ளெக்ஸில் பக்கத்து வீட்டுக் கதவை உடைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என் கணவருக்கு வாரத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்வோம் என்று முடிவு பண்ணிவிட்டோம். கடைக்குப் போனால், கடைக்காரர் கேலிபர் என்று குண்டின் விட்ட அளவைச் சொல்லி, 9 எம்.எம்., .45, .38, .380 என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேல் வைக்கிறார், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமை சொல்கிறார். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடுகிறது. வாங்கப் போவது ஒன்றுதான். வீட்டுப் பாதுகாப்பு, பழகுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து எது சரி? சனிக்கிழமைக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறோம். சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

கரிசல்:
தங்கச்சி, .45 ஏசிபி வாங்குங்கள், வேறு யோசனையே வேண்டாம். 1911இல் இருந்து 1985 வரைக்கும் அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கி அதுதான். குண்டின் எடை 230 கிரெய்ன் (குண்டு எடைக்கான சிறு அலகு). 9 எம்.எம். குண்டு வழக்கமாக 115 அல்லது 124. பெரிய குண்டு, பெரிய துளை. நான் வந்த புதிதில் ராத்திரி முழுக்கத் தனியாகக் கடையில் நின்றிருக்கிறேன். பூட்டிய கதவை யாராவது தட்டினாலே நெஞ்சு அடைக்கும். கார் கிடையாது, விடிந்ததும் பனியில் நடந்துதான் வீடு திரும்ப வேண்டும். அந்தப் பயத்தை அனுபவித்தவன் சின்ன குண்டு போதும் என்று சொல்ல மாட்டான்.

வேப்பமரம்:
கரிசல் அண்ணன் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அம்மா, உனக்கு .357 ரிவால்வர்தான் சரி. .357 மேக்னம் என்ற வலுவான தோட்டா, .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவை நீளமாக்கிச் செய்தது. அதனால் .357 ரிவால்வரில் .38 தோட்டாவையும் போட்டுச் சுடலாம். பழகும்போது .38, தேவையென்றால் மேக்னம். .38க்கென்று செய்த ரிவால்வரில் மட்டும் .357 தோட்டாவைப் போடக் கூடாது. பிஸ்டல் என்றால் மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும், எனக்கு அந்தப் பலம் இல்லை. ரிவால்வரில் அந்தத் தொல்லை கிடையாது. என் கணவர் வேலை வேலை என்று ஊர் ஊராகப் போன காலத்தில் நான் கைக்குழந்தையோடு தனியாக இருந்தவள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

நெடுவழி:
அக்கா, ரிவால்வரில் ஸ்லைடு இல்லை, சரி. ஆனால் சுத்தியலைக் கையால் இழுத்து வைக்காமல் சுட்டால் விசை ரொம்பக் கனமாக இருக்கும். புதிதாகச் சுடுகிறவர்களுக்கு அதை இழுக்கும்போதே குழல் ஆடிவிடும். மூடிய அறைக்குள் மேக்னத்தைச் சுட்டால் காது என்ன ஆகும் என்றும் யோசியுங்கள்.

பெரிய குண்டா சின்ன குண்டா என்ற இந்த வாதம் புதிதும் இல்லை. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஏஜென்ட்கள் இருவர் இறந்தார்கள். குற்றவாளி மேல் பாய்ந்த 9 எம்.எம். குண்டு ஒன்று இதயத்துக்குப் போகாமல் முன்பே நின்றுவிட்டது. பழி முழுக்க கேலிபர் மேல் விழுந்தது. அப்புறம் 10 எம்.எம்.முக்கு மாறினார்கள். சுடும்போது கையைப் பின்னால் தள்ளும் அதன் உதைப்பு பலருக்குக் கட்டுப்படவில்லை. 1990இல் .40 கேலிபர் வந்தது. கடைசியில் 2014, 2015 வாக்கில் எஃப்.பி.ஐ. திரும்பவும் 9 எம்.எம்.முக்கே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் குண்டுகள் தேறிவிட்டன. நல்ல ஹாலோ பாயிண்ட் (நுனியில் குழி உள்ள, பட்டதும் விரியும்) குண்டுக்கு, உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் சோதனை ஜெல்லில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது அவர்கள் அளவுகோல். இன்றைய 9 எம்.எம். அந்த அளவை எட்டுகிறது. உதைப்பு குறைவு என்பதால் ஏஜென்ட்கள் குறியும் தவறாமல் சுடுகிறார்கள்.

மலைக்காற்று:
உதைப்புதான் பிரச்சினை என்றால் .22 எல்.ஆர். இருக்கிறதே? தோட்டா மலிவு, சத்தம் குறைவு, எவ்வளவு வேண்டுமானாலும் பழகலாம்.

நெடுவழி:
பழக அருமை. உயிரை நம்பி வைக்க வேண்டாம். .22இல் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் விளிம்பில் இருக்கிறது, மற்றவற்றில் நடுவில் இருக்கும். விளிம்புத் தோட்டாக்கள் வெடிக்காமல் போவது அதிகம்.

கரிசல்:
மலிவு என்று யாரோ சொன்னார்கள். 2020இல் 9 எம்.எம். தோட்டா வாங்கப் போயிருந்தால் தெரியும். அலமாரி காலி, ஆளுக்கு ஒரு பெட்டி என்று போர்டு.

வேப்பமரம்:
தோட்டாவை விடுங்கள். கதவு ஆடுகிறது, சரிசெய்து கொடுங்கள் என்று எங்கள் பழைய அபார்ட்மென்ட் ஆபீஸில் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துவிட்டது. வாடகை மட்டும் ஒரு நாள் தள்ளினால் அபராதம்.

மலைக்காற்று:
கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று எனக்கு வீடே தர மறுத்தார்கள். புதிதாக வந்தவனுக்கு ஹிஸ்டரி எங்கிருந்து வரும்? கேட்டால் டெபாசிட்டை இரண்டு மடங்காகக் கட்டச் சொல்கிறார்கள். கார் இன்ஷூரன்ஸும் அப்படித்தான், ஊரில் எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் இங்கே கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

கரிசல்:
சொந்தக்காரர்கள்கூட முதல் மாதத்துக்கு அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள் தம்பி.

சுமைதாங்கி:
கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டிருக்கிறார். கேலிபர் பற்றி இத்தனை பேர் பேசியும், கேட்க வேண்டியதை ஒருவரும் கேட்கவில்லை. புதுவரவு, நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள்? எந்த மாநிலம்? வீட்டில் குழந்தை உண்டா? பணம் ஏதாவது கட்டிவிட்டீர்களா?

புதுவரவு:
அவர் எச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்து வந்த எச்-4. டெக்சஸ். நான்கு வயதில் மகள் இருக்கிறாள். பணம் இன்னும் கட்டவில்லை. டெக்சஸில் லைசென்ஸே தேவையில்லை என்றுதானே சொல்கிறார்கள்?

சுமைதாங்கி:
நல்லவேளை. சனிக்கிழமை கடைக்குப் போகாதீர்கள்.

2021இல் இருந்து டெக்சஸில் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது, சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர்களுக்கு. உங்களுக்குக் குறுக்கே நிற்பது மத்தியச் சட்டம், 18 யு.எஸ்.சி. 922(ஜி)(5)(பி). எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். 15 வருஷம் வரை சிறை. துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலுக்கும் காரணமாகும். கடையில் நிரப்பச் சொல்லும் 4473 படிவத்தில் இந்தக் கேள்வி வரும், அதில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம். ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்ப்பதும் இதில் சேரும். நண்பரோடு போனால்கூடக் கையில் வாங்காதீர்கள்.

மலைக்காற்று:
வேட்டை லைசென்ஸ் எடுத்தால் போதும் என்று என் ஆபீஸில் ஒருவர் வாங்கினாரே?

சுமைதாங்கி:
விலக்கு உண்மைதான். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அது காலாவதியான மறுநாளே நீங்கள் குற்றவாளி. விசா ஒரு நூலில் தொங்கும்போது, குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் அந்த வழியில் போக வேண்டாம்.

கிரீன் கார்டு வந்தபின் கேட்டால் நெடுவழி சொன்னதுதான் என் பதிலும். ஒன்றே ஒன்று என்றால் 9 எம்.எம். ரொம்பக் குட்டியாக இல்லாமல் நடுத்தர அளவில் எடுங்கள், துப்பாக்கி சிறிதானால் உதைப்பு கூடும். அக்கா சொன்ன ஸ்லைடு பிரச்சினைக்கு, இழுக்கச் சுலபமாகச் செய்த மாடல்கள் வந்துவிட்டன. ரேஞ்சில் இரண்டு மூன்றைச் சுட்டுப் பார்த்து, கைக்கு அடங்குவதை எடுக்கலாம். அபார்ட்மென்ட் ஜிப்சம் சுவரை இங்கே பேசிய எந்தக் குண்டும் துளைத்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்பதும் உங்கள் பொறுப்பு. குழந்தை இருக்கும் வீட்டில் பூட்டிய பெட்டி இல்லாமல் துப்பாக்கியே வரக் கூடாது.

புதுவரவு:
எச்-4க்கும் இது பொருந்தும் என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. கை நடுங்குகிறது. அப்படியென்றால் இந்த வாரம் நான் என்ன செய்வது?

சுமைதாங்கி:
இன்றைக்கே அபார்ட்மென்ட் ஆபீஸுக்கு எழுத்தில் கொடுங்கள். வாடகை வீட்டின் வெளிக்கதவுக்கு, உள்ளிருந்து மட்டும் போடும் சாவியில்லாத டெட்போல்ட் தாழ், வெளியே பார்க்கும் கதவுக் கண், ஜன்னல் தாழ், இவற்றை உரிமையாளர் தன் செலவில் பொருத்த வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். சாதாரணமாக ஏழு நாள் அவகாசம் உண்டு. அதே காம்ப்ளெக்ஸில் கடந்த இரண்டு மாதத்தில் வேறொரு வீட்டுக்குள் யாராவது அத்துமீறி நுழைந்திருந்தால் 72 மணி நேரம்தான். அதனால் பக்கத்து வீட்டுச் சம்பவத்தைத் தேதியோடு கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

நெடுவழி:
கதவைப் பூட்டும்போது தாழ் போய் நுழையும் இரும்புத் தகடு நிலையில் எப்படி முடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் ஓர் அங்குல திருகாணிதான் இருக்கும், ஓர் உதையில் நிலைச்சட்டம் பிளந்துவிடும். மூன்று அங்குல திருகாணி போட்டால் சுவருக்குள் இருக்கும் கட்டைவரை போய்ப் பிடிக்கும். ஆபீஸிடம் சொல்லிவிட்டு நீங்களே மாற்றலாம். பெப்பர் ஸ்ப்ரே டெக்சஸில் வைத்துக்கொள்ளலாம், மகள் கைக்கு எட்டாத இடத்தில்.

புதுவரவு:
கடிதம் எழுதிவிட்டேன், தேதியும் போட்டாயிற்று. ஈமெயிலில் அனுப்பினால் போதுமா?

சுமைதாங்கி:
ஈமெயிலும் அனுப்புங்கள், அச்செடுத்து நேரிலும் கொடுங்கள். உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் நேரமும் வாங்குங்கள், 72 மணி நேரத்தைக் கணக்கு வைக்க அது உதவும்.