தம்பியின் டப்பில் இடமில்லை: இரண்டு மணி நேர வகுப்பு வீடியோக்களை எப்படி வைத்திருப்பது?

முத்தையன்கட்டு அக்கா:

வணக்கம். தம்பி உயர்தரம் கணிதப் பிரிவு படிக்கிறான். இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ரியூசன் சேர் வகுப்பைப் பதிவுசெய்து, பிள்ளைகளுக்கு என்று கூகுள் டிரைவில் போட்டுவிடுகிறார். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. குளக்கட்டில் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு வரும், அதுவும் பாதி இறங்கும்போது அறுந்துபோனால் திரும்ப முதலில் இருந்து, டேட்டா காசும் போய்விடும். ஒரு வகுப்பு இரண்டு மணி நேரம், 1.8 ஜிபி வருகிறது. டப் (டப்லட்) 32 ஜிபி, அதில் மிச்சம் 17தான், ஒன்பது வகுப்போடு நிரம்பிவிட்டது. பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுகிறான், பிறகு பழைய அலகில் சந்தேகம் வந்தால் பார்க்க வழியில்லை. அழித்ததை நினைத்து ஒருநாள் அழுதும்விட்டான்.

மெமரி கார்ட் ஒன்று வாங்கிப் போட்டோம், டப் ஏதோ கேட்டது, தம்பி எதையோ அமத்தினான், இப்போது அந்தக் கார்டை லப்டொப்பில் போட்டால் ஒன்றுமே தெரியவில்லை. கருத்தரங்கு வீடியோ ஒன்று 5 ஜிபி, அது பென்ட்ரைவில் ஏறவே மாட்டேன் என்கிறது, பென்ட்ரைவ் வெறுமையாக இருந்தும். அப்பா வயல் காசில் வாங்கித் தந்த பழைய லப்டொப் ஒன்று இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி. இதை வைத்து என்ன செய்யலாம்?

புதுக்குடியிருப்பு ஃபோன் கடை:

தங்கச்சி, முதலில் கார்ட். புதுக் கார்டைப் போட்டதும் ஆண்ட்ராய்ட் இரண்டு வழி கேட்கும். டப்பின் உள்நினைவகமாகப் பாவிப்பதா, கழற்றி மாற்றக்கூடியதாகப் பாவிப்பதா என்று. முதலாவதை அமத்தினால் கார்டைப் பூட்டி அந்த டப்போடு மட்டும் கட்டிவைத்துவிடும், வேறு எதிலும் திறக்காது. கார்ட் பழுதில்லை. ஆனால் மாற்றும்போது கார்ட் முழுவதும் அழியும், அதனால் உள்ளே இருப்பதை டப்பில் இருந்து கேபிளால் லப்டொப்புக்கு எடுத்துவிட்டு, பிறகு செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குப் போய்க் கழற்றக்கூடியதாக மாற்றுங்கள்.

பென்ட்ரைவ் விசயம்: அது ஃபேட்32 முறையில் இருக்கும். அந்த முறையில் 4 ஜிபியை விடப் பெரிய ஒரே கோப்பு ஏறாது, எவ்வளவு இடம் இருந்தாலும். லப்டொப்பில் அதை எக்ஸ்ஃபேட் என்று ஃபோர்மட் செய்தால் சரி. இதுவும் எல்லாவற்றையும் அழிக்கும், கவனம்.

இன்னொன்று, மலிவாகக் கிடைக்கிறது என்று 256 ஜிபி கார்ட் வாங்கிவிட வேண்டாம். வெளியில் 256 என்று எழுதி உள்ளே 16 மட்டும் இருக்கிற போலிகள் என் கடைக்கே பழுது என்று வருகின்றன. ஏற்றும்போது எல்லாம் ஏறும், பார்க்கும்போது பாதி வீடியோ திறக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் வாங்கிய அன்றே சோதியுங்கள், நேரம் எடுக்கும், பரவாயில்லை.

மல்லாவி ஆசிரியர்:

தங்கச்சி, இடத்தைக் கூட்டுவதை விட வீடியோவைச் சுருக்குவதுதான் உங்களுக்கு வழி. இரண்டு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 2000 கிலோபிட் போகிறது. ஓடி ஆடுகிற படத்துக்கு அது வேண்டும். பலகையில் எழுதுகிற வகுப்பில் சேரின் கை மட்டும்தானே அசைகிறது? படத்துக்கு 400, குரலுக்கு 64 போதும். கணக்குப் போட்டால் 420 எம்பிக்குக் கிட்ட வரும். ஒன்பது வகுப்பு இருந்த அதே 17 ஜிபியில் நாற்பது வகுப்பு நிற்கும்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை லப்டொப்பில் போடுங்கள். 480 அளவில் (படத்தின் உயரம் 480 புள்ளி) ஒரு முன்னமைப்பு இருக்கும், அதை எடுத்து ஃபிரேம் வீதத்தை, அதாவது செக்கனுக்கு எத்தனை படம் என்பதை, 15க்குக் குறையுங்கள், ஒலியை மோனோ (ஒரே தடம்) ஆக்குங்கள். ஆனால் முழு வகுப்பையும் உடனே மாற்றிவிட வேண்டாம். சேர் பலகையின் மூலையில் சின்னதாக எழுதுகிற இடம் ஒன்றைப் பார்த்து ஐந்து நிமிடத்தை மட்டும் மாற்றி, டப்பில் போட்டுத் தம்பியிடம் கேளுங்கள். தொகையீட்டின் எல்லைகளும் கீழ்க்குறி இலக்கங்களும் வாசிக்க முடியவில்லை என்றால் 720க்கு ஏற்றுங்கள், கொஞ்சம் கூடினாலும் சரி. பிள்ளை எண்ணைப் பிழையாக வாசித்துக் கணக்கைப் பிழையாகப் பழகுவதை விட அது நல்லது.

பழைய லப்டொப் என்றால் ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். நாலைந்தை வரிசையில் போட்டுவிட்டு இரவில் ஓடவிடுங்கள். கட்டிலின் மெத்தைக்கு மேல் வைக்காமல் மேசையில் வையுங்கள், எங்கள் வெக்கைக்கு அது கொதித்துவிடும். கரண்ட் போனால் அப்போது ஓடிக்கொண்டிருந்தது மட்டும்தான் கெடும்.

வவுனியா மாணவன்:

அக்கா, வீடியோவைச் சுருக்குகிற புதிய முறையான எச்.265இல் மாற்றினால் அதே தெளிவுக்குப் பாதி அளவுதான் வரும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

புதுக்குடியிருப்பு ஃபோன் கடை:

தம்பி, உங்கள் டப் புதிது. பழைய டப்களில் அதை விரிக்கிற சிப் இல்லை, படம் விட்டுவிட்டு ஓடும், பற்றரியும் கெதியாக இறங்கும். அக்கா அதற்கு முந்திய முறையான எச்.264இலேயே மாற்றட்டும். டப்பில் விஎல்சி என்ற வீடியோ செயலியைப் போட்டால் வேகத்தைக் கூட்டிக் குறைத்தும் பார்க்கலாம்.

மல்லாவி ஆசிரியர்:

டேட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளக்கட்டில் நின்று 1.8 ஜிபி இறக்குவது பாவம். சேரிடம் நேரே கேளுங்கள், மாதம் ஒருமுறை 64 ஜிபி பென்ட்ரைவ் ஒன்றோடு பஸ்ஸில் போய், இருபது வகுப்பை ஒரே தடவையில் ஏற்றிக்கொண்டு வரலாம். இருபதும் சேர்ந்து 36 ஜிபி, வழியில் அறுந்துபோகாது. டிரைவ் செயலியில் ஓஃப்லைன் என்று வைப்பதும் யூடியூப் செயலியில் சேமிப்பதும் அந்தந்தச் செயலிக்குள் மட்டும்தான் திறக்கும், கார்டுக்கு எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. யூடியூப் இடைக்கிடை இணையத்தோடு இணைக்கவும் கேட்கும். உங்கள் பக்கத்துக்கு அது சரிவராது.

சுருக்கியதில் ஒரு பிரதி லப்டொப்பில், இன்னொன்று வேறு ஏதாவதில். என் ஹார்ட் டிஸ்க் ஒருமுறை சொல்லாமல் போய் மூன்று வருடப் பாடம் போனது. அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது. டப்பில் இந்த மாதம் படிக்கிற அலகு மட்டும் இருக்கட்டும். பெயரைப் பாடம், அலகு, வகுப்பு எண் என்று வையுங்கள், இல்லாவிட்டால் நாற்பது கோப்பில் ஒன்றைத் தேடவே அரை மணி போய்விடும்.

முத்தையன்கட்டு அக்கா:

சேர், அண்ணா, நன்றி. கார்ட் வேலை செய்கிறது. முதல் ஐந்து நிமிடத்தை 480இல் மாற்றிக் காட்டினேன், தம்பி கீழ்க்குறி தெரியவில்லை என்றான், 720இல் தெரிகிறது என்றான். அப்படியே முழு வகுப்பையும் மாற்றினேன், 610 எம்பி வந்தது. நேற்று இரவு நாலு வகுப்பை வரிசையில் போட்டேன், விடிய எழும்பிப் பார்த்தால் மூன்று முடிந்திருந்தது, நாலாவதில் கரண்ட் போய்விட்டது. அதை இன்றைக்குத் திரும்பப் போடுகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இதே சேரிடம்தான் படிக்கிறாள், சேரிடம் கேட்டுவிட்டு அவளுடைய கார்டிலும் ஏற்றிக் கொடுக்கப் போகிறேன்.