அடுத்த வீட்டுத் தென்னை: கருப்பு நகைச்சுவை நாவல், நூறு பக்கத்தில் சிக்கி நிக்குது

பார்வதிபுரத்தான்:
நாகர்கோவில் பார்வதிபுரம் தாண்டி, வயலை நிரப்பி பிளாட் போட்ட ஒரு நகர். வீட்டுக்கு அஞ்சு சென்ட். ஓய்வுபெற்ற வாத்தியாரோட தென்னை, வளைகுடாவிலிருந்து திரும்பின அடுத்த வீட்டுக்காரரின் கார் ஷெட்டுக்கு மேல சாஞ்சு நிக்குது. கதை அவ்வளவுதான், கடைசியில ஒரு சாவு உண்டு. நூறு பக்கம் தாண்டினா சிரிப்பு வத்தி சீரியல் சண்டை ஆயிடுது. எங்க பிசகுது? சட்ட விவரமும் வேணும்.

விளைக்காரர்:
ரெண்டு பேரையும் ஏச விட்டிருப்பீங்க, அதான். பகை ஏற ஏற மரியாதை கூடணும். முதல்ல 'சார்', பாதியில 'அண்ணாச்சி', மரம் முறியுததுக்கு முந்தின நாள் மதிலுக்கு மேல சக்கைப்பழம் கைமாறணும்.

மரம் நல்லாத்தான் அமைஞ்சிருக்கு. மாமரம் எல்லை தாண்டினா அந்தக் கிளையை மட்டும் வெட்டலாம். தென்னைக்குக் கிளை ஏது? குருத்து ஒண்ணுதான், அது போனா மரம் போச்சு. அதனால வளைகுடாக்காரர் 'நாலு ஓலையை மட்டும் இறக்கினா போதும் சார்'னு பணிவாக் கேக்கட்டும். வாத்தியாரும் சம்மதிக்கட்டும். ஏறுத ஆளு பச்சை மட்டையைத் தடியோட ஒட்ட வெட்டிருவாரு. வினை அங்கதான். பச்சை மட்டையை வெட்டியே ஆகணும்னா தடியிலிருந்து நாலடி விட்டு வெட்டணும். ஒட்ட வெட்டின காயத்து வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். புழு உள்ள தின்னுக்கிட்டே இருக்கும், மரம் வெளிய பச்சையா நிக்கும். தடியில சின்ன ஓட்டை, அதுல செம்பழுப்பா நீர் வடியும், மென்ன நார் வெளியே தள்ளியிருக்கும். காதை வச்சா கறுமுறுன்னு கேக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு வாத்தியார் மரத்தைக் கட்டிப்பிடிச்சுக் காது வச்சு நிக்குததை, எதிராளி மாடி ஜன்னல் வழியாப் பாக்குதாரு. நூறாம் பக்கத்துக்கு அப்புறம் இந்த அத்தியாயத்தைப் போடுங்க. மரத்துக்கு இருபது வயசுக்குள்ள இருக்கட்டும், கூன்வண்டுக்கு இளமரம்தான் இஷ்டம்.

மனு எழுதுபவர்:
விழும் நிலையில் இருக்கும் மரத்துக்கு ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு. கதை 2024 ஜூலை 1-க்கு முன்னால் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 133. பின்னால் என்றால் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டம் பிரிவு 152. முதலில் வருவது நிபந்தனை உத்தரவு: மரத்தை அகற்று, இல்லாவிட்டால் ஆஜராகிக் காரணம் சொல்லு. உங்கள் வாத்தியார் கண்டிப்பாக இரண்டாவதைத்தான் பிடிப்பார், இணைப்புகளோடு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் நாகர்கோவில். மாவட்டத்தின் இன்னொரு கோட்டமான பத்மநாபபுரம் என்று போட்டுவிட்டால் உள்ளூர் வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

காய் எங்கே விழுந்தாலும் மரத்துக்காரருக்கே சொந்தம். வாத்தியார் பையோடு அடுத்த வீட்டு கேட்டில் நின்று காயைக் கேட்கும் காட்சியை விடாதீர்கள்.

எல்லைத் தகராறு வந்தால், சர்வேயரையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) ஒரு அத்தியாயத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். கணக்கு மட்டும் வரட்டும்: அஞ்சு சென்ட் 2,178 சதுர அடி. அறுபதடி மதில் அரையடி தள்ளியிருந்தால் 30 சதுர அடி, ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்கு இரண்டு வக்கீல்.

பார்வதிபுரத்தான்:
ரொம்ப நன்றி. அப்ப சாவுறது யாரு? வளைகுடாக்காரரைத்தான் நினைச்சிருந்தேன்.

விளைக்காரர்:
வேண்டாம், பழிவாங்குத கதை ஆயிடும். குடியிருப்போர் சங்கத் தலைவரைக் கொல்லுங்க. முதல் முப்பது பக்கத்துக்குள்ளயே ஆளைக் கொண்டு வந்துடுங்க. மரம் ஏறுத ஆளைச் சிபாரிசு பண்ணுததும் அவராவே இருக்கட்டும். சமரசம் பேச வந்தவருக்கு மரத்தடியில, கார் ஷெட் பக்கமா நாற்காலி போட்டிருக்கும்போது தென்னையோட மண்டை ஒடிஞ்சு அவர் மேல விழட்டும். பாடை பின்ன பச்சை ஓலை வேணும். மரம் வாத்தியாருது, ஓலை விழுந்து கிடக்கது அடுத்த வீட்டு எல்லைக்குள்ள. யார்கிட்ட கேக்கணும்னு துட்டிக்கு வந்தவங்க ரெண்டாப் பிரிஞ்சு நிக்கட்டும். ஆர்.டி.ஓ. உத்தரவையும் அன்னிக்கே தபால்ல வர வச்சிருங்க.