க்ரூட்ல ஹெப்டேன் ஊத்துனா அடியில கருப்பா தங்குது, என்னதுங்க இது?

கோவை கெமிக்கல்:
வணக்கமுங்க. கோயமுத்தூர்ல கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கறனுங்க, ப்ராஜெக்ட்டுக்கு க்ரூட் ஆயில்ல ஹெப்டேன் கலந்தா கருப்புத் தூளாட்ட அடியில தங்கிக்குது, வடிகட்டி டொலுயீன் ஊத்துனா கரைஞ்சு போயிருது, இது மெழுகுங்களா?

பவானிக்காரன்:
மெழுகு இல்ல தம்பி, ஆஸ்ஃபால்டீன், க்ரூட்ல இருக்கற ரொம்பக் கனமான கருப்புப் பொருள். ஹெப்டேன்ல கரையாது டொலுயீன்ல கரையும், அதுக்கு டெஃபனிஷனே அதுதான். மெழுகுன்னா சூட்டுல உருகிரும், இது உருகாது, ரொம்ப சூடு வெச்சா கோக்காத்தான் (கரியா) போகும். க்ரூட்ல இருக்கற ரெசின், அரோமேட்டிக்குங்கற மத்த பொருளுக இதையப் புடிச்சு வெச்சிருக்கும், ஹெப்டேன் சேந்தா அந்தப் புடி உட்டுப்போயி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பென்டேன் ஊத்திப் பாருங்க, இன்னும் நெறையா வரும்.

சென்னிமலை அக்கா:
எவ்வளவு ஊத்துனீங்க கண்ணு? ஆஸ்ஃபால்டீன் அளக்கற ஐபி 143ங்கற ஸ்டாண்டர்ட் முறைல ஒரு கிராம் எண்ணெய்க்கு 30 மில்லி ஹெப்டேன். கம்மியா ஊத்திப்போட்டு ஒண்ணும் வரலைன்னு உட்டறாதீங்க, சில சமயம் நாள் கணக்குல மெதுவாத்தான் வரும். அப்பறம் டொலுயீன ஃப்யூம் ஹூட்ல (ஆவிய வெளிய இழுக்கற லேப் கூண்டு) வெச்சே ஊத்துங்க.

கோவை கெமிக்கல்:
ரொம்ப நன்றிங்க்கா. அப்ப இது ஜாஸ்தி இருக்கற எண்ணெய்தான் கிணத்துல அடைக்குமுங்களா?

பவானிக்காரன்:
அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. வெனிசுலா போஸ்கான் எண்ணெய்ல 17 சதவீதம் கிட்ட இருக்குது, பெருசா தொந்தரவில்ல. அல்ஜீரியா ஹாசி மெசூத்ல 0.2 சதவீதங்கூட இல்ல, ஆனா குழாய் அடைச்சு படாதபாடு. லேசான எண்ணெய் இதையக் கரைச்சு வெச்சுக்காது, பிரஷர் குறைய குறைய உள்ள இருக்கற கேஸ் விரிஞ்சு உங்க ஹெப்டேன் பண்ற வேலையவே பண்ணிப்போடும், பபுள் பாயிண்ட் (கேஸ் குமிழா பிரிய ஆரம்பிக்கற பிரஷர்) கிட்டத்தான் ரொம்ப மோசம்.